எந்தப் புத்தகம் வாங்குவது?

திண்டுக்கல் டவுனிலிருந்தும், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் முதலிய பக்கங்களிலிருந்தும் வாலிபத் தோழர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் சமீப காலமாய் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. அதாவது, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷைகளில் ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதாகவும், சந்தேகம் வந்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்ள எந்தப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்கிறார்கள். ஒரு தோழர், தாம் எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பைத்தான் புத்தகத்தில் உள்ளபடியே எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை என்றும், ஆகவே இந்த வித்தைக்கு வேண்டிய மூளை தமக்கு இல்லை போலும் என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இவ்வாரம் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

தலைமுறை தலைமுறையாய் ஏடு ஒருவன் கையிலும் ஏர் மற்றொருவன் கையிலும் இருந்து வந்த தேசத்தில், புத்தகத்தில் உள்ளது விளங்காவிட்டால் குற்றம் படிக்கிறவனுடையது என்று நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. புத்தகம் தப்பாயிருக்கக் கூடுமோ என்று கேட்க நாக்குக் கூசுகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது யாவருக்கும் தெரியும். அந்தப் பூட்டுப் பட்டறைகளில் சாவி திரும்பாவிட்டால் சாவியை வாங்கி அரத்தால் ராவிப் பார்ப்பார்களேயொழிய, வாங்க வந்தவனைப் பார்த்து உன் கை ராசியில்லை என்று எந்த ஆசாரியாவது சொல்லுவாரா? பூட்டுக்கு உள்ள நியாயம் புத்தகத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

மேற்படி தோழருடைய புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தோம். குற்றம் அவருடையதல்ல. பைத்தான் என்னும் பாஷையை ஹாலந்து தேசத்தவரான கிய்டோ வான் ராஸம் என்பவர் 1989-ம் வருஷக் கடைசியில் ஆரம்பித்து 1991-ல் வெளியிட்டார். (இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வந்த ஒரு ஹாஸ்யக் கோஷ்டியின் பெயரிலிருந்து இந்தப் பெயரை வைத்தாரே தவிர, இதற்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை. அட்டையில் பாம்புப் படம் போட்டிருந்தால் பயப்படவும் வேண்டாம், பால் ஊற்றவும் வேண்டாம்.) 2008-ம் வருஷம் டிசம்பர் மாதம் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, பழையதோடு ஒத்துப்போகாத பல மாறுதல்களை வேண்டுமென்றே செய்தார்கள். இரண்டாம் பதிப்பைப் பராமரிப்பதை 2020 ஜனவரி 1-ந் தேதியோடு அடியோடு நிறுத்தியும் விட்டார்கள். நம் தோழர் வாங்கியதோ இரண்டாம் பதிப்புக்காக எழுதப்பட்ட புத்தகம். புது அட்டை, புது விலை, உள்ளே பழைய சரக்கு.

அதனால் நேர்ந்தது என்னவென்றால், திரையில் எழுத்தைக் காட்டச் சொல்லும் ‘பிரிண்ட்’ என்னும் கட்டளைக்கு இப்போது அடைப்புக்குறி அவசியம். அந்தப் புத்தகத்தில் அது இல்லை. ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ளும் ‘ரா இன்புட்’ என்ற பெயரே இப்போது கிடையாது. ஏழை இரண்டால் வகுத்தால் பழையது 3 என்று சொல்லும், புதியது 3.5 என்று சொல்லும். ஏழு கிலோ மல்லிகையை இரண்டு பேர் பங்கு போட்டால் அரைக் கிலோ எங்கே போயிற்று என்று நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள், எது சரி என்று சொல்லுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அடைப்புக்குறியைக் காணோம் என்று அந்த யந்திரமே இங்கிலீஷில் சொல்லியிருக்கிறது. சிவப்பு எழுத்தைக் கண்டதும் தோழர் அதைத் தம்மேல் விழுந்த வசவு என்று எண்ணி மூடி வைத்துவிட்டார். ஆகவே, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆசிரியரின் பட்டமல்ல. எந்த வருஷம் அச்சானது, எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதே. 2020 முதல் ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் பைத்தானுக்கு ஒரு புதிய பதிப்பு வருகின்றது. ஒவ்வொன்றையும் ஐந்து வருஷகாலம் பராமரிக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு புத்தகத்தின் வயதைக் கணக்குப் பார்க்கலாம்.

நிற்க, தோழர்கள் பலர் இரண்டு விதமான புத்தகங்களை ஒன்றாய்ப் போட்டுக் குழப்பிக்கொள்ளுகிறார்கள். அரிச்சுவடி வேறு, அகராதி வேறு. அரிச்சுவடி கையைப் பிடித்து எழுத வைப்பது. அகராதி, எழுதத் தெரிந்தவன் ஒரு சொல்லில் தட்டுப்பட்டு நின்றபோது எடுத்துப் பார்ப்பது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டைப் பையன்களுக்கு உருப்போட வைத்தார்கள். வார்த்தை வாயில் வந்தது, ஒரு கடிதம் எழுத வரவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள தடிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க உட்காருகிறவரும் அதே காரியத்தைத்தான் செய்கிறார். நாற்பதாம் பக்கத்தில் தூக்கம் வரும். அப்புறம் அந்தப் புத்தகம் சரஸ்வதி பூஜைக்குத்தான் பயன்படும். பைத்தானை உண்டாக்கியவர்களே பாடம் என்று ஒன்று, கூடவே வரும் சாமான்களின் விவரம் என்று ஒன்று, பாஷையின் இலக்கணம் என்று ஒன்று, இப்படித் தனித்தனியாய் எழுதிக் காசில்லாமல் கொடுத்து வருகிறார்கள். ஆகையால் ஆரம்பிக்கிறவர் ஒரு சிறு அரிச்சுவடியோடு ஆரம்பித்து, நாலு சின்னக் காரியங்களைத் தாமே எழுதி, எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது. அகராதி வாங்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியது.

அந்தத் தாளினால் என்ன பிரயோஜனம் என்றால், கடையிலோ லைப்ரரியிலோ புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, சொல்லடைவில் நீங்கள் மாட்டிக்கொண்ட வார்த்தைகளைத் தேடிப் பார்க்கலாம். சொல்லடைவே இல்லாத புத்தகத்தை அகராதி என்று விற்பது அசல் மோசடி. வார்த்தை இருந்தால் அந்தப் பக்கத்துக்குப் போய், தப்பாய்ச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாய்ச் செய்தால் சரியாய் வரும் என்று மட்டும் சொல்லும் புத்தகம், மழை பெய்தால் விளையும் என்று சொல்லும் பஞ்சாங்கத்தைவிட எந்த விதத்தில் உயர்ந்தது? ‘24 மணி நேரத்தில் கற்கலாம்’, ‘ஏழே நாளில் நிபுணர்’ என்று அட்டையில் போட்டிருப்பவைகளைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த விளம்பரங்களைப் பரிகாசம் செய்து, அமெரிக்காவிலுள்ள பீட்டர் நார்விக் என்ற கம்ப்யூட்டர் அறிஞர், பத்து வருஷங்களில் தானே கற்றுக்கொள்வது எப்படி என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தாயத்து விற்கிறவனும் நாள் கணக்குத்தான் சொல்லுகிறான்.

இனி நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு பரீட்சையைச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் எழுத்துக்களைச் சேர்த்து வைத்ததைச் ‘சரம்’ என்கிறார்கள். பூத் தொடுக்கிறவர்களுக்கு இந்தச் சொல் சுலபமாய்ப் புரியும். ஒரு சரத்தின் நீளத்தைச் சொல்ல ‘லென்’ என்று ஒரு கட்டளை உண்டு. அது எழுத்துக்களின் எண்ணிக்கையைச் சொல்லும் என்று அனேக புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ‘திண்டுக்கல்’ என்று எழுதி அதன் நீளத்தைக் கேளுங்கள். நம் கணக்குக்குத் தி, ண், டு, க், க, ல் என்று ஆறு எழுத்து. யந்திரமோ 11 என்கும்! இரண்டாவது எழுத்து எது என்று கேட்டால், தகரத்தை விட்டுவிட்டு வெறும் மேல்விலங்கை மட்டும் எடுத்து நீட்டும். வார்த்தையைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளியும் விலங்கும் இடம் மாறிப் பார்க்கச் சகிக்காது.

இதைக் கண்டு, தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது, இங்கிலீஷே கதி என்று முடிவு கட்டிய பிள்ளைகளை நமக்குத் தெரியும். உண்மை என்ன? உலக பாஷைகளுக்கெல்லாம் பொதுவாய் ஏற்படுத்தின யூனிகோடு என்னும் குறியீட்டில் தமிழின் உயிரெழுத்துக்கும் அகரமேறிய மெய்க்கும் ஒவ்வொரு எண்ணும், கொம்பு, கால், புள்ளி ஆகியவைகளுக்குத் தனித்தனி எண்களும் கொடுத்திருக்கிறார்கள். ‘தி’ என்பது தகரமும் மேல்விலங்குமாய் இரண்டு எண். யந்திரம் எண்ணுவது எழுத்தையல்ல, அந்த எண்களை. இது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. ஆதலால் மனிதர் புரிந்துகொள்ளவும் கூடும், வேண்டுமானால் மாற்றவும் கூடும். 1935-ல் ‘குடி அரசு’ லை, னை, ணா முதலிய எழுத்துக்களை இன்றுள்ள மாதிரியில் அச்சிட ஆரம்பித்தபோது எழுத்தில் கை வைக்கலாமா என்று கூச்சலிட்டவர்கள் உண்டு. 1978-ல் சர்க்காரே அதை ஏற்றுக்கொண்டது. இப்போது பழைய லையை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆகவே, ஒரு புத்தகத்தில் யூனிகோடு என்ற வார்த்தையைச் சொல்லடைவில் தேடுங்கள். பிரேஸில் தேசத்தவரான லூசியானோ ரமால்ஹோ என்பவரின் ‘புளூயண்ட் பைத்தான்’ என்ற புத்தகத்தில் (இரண்டாம் பதிப்பு, 2022) இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அது ஆரம்பக்காரருக்கான புத்தகம் அல்ல. ஒரு வருஷம் கை பழகினவர்களுக்கே உதவும். அகராதி மாதிரி எடுத்துப் பார்ப்பதற்கு மார்ட்டெல்லி முதலிய நால்வர் எழுதி 2023-ல் நான்காம் பதிப்பு வந்த ‘பைத்தான் இன் எ நட்ஷெல்’ நமக்குத் திருப்தியாயிருக்கிறது. விலை அதிகம்தான். நாலு தோழர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி ஒரு வாசகசாலையில் வைத்துக்கொள்ளலாம். மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் இந்த வகைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தபிறகு வாங்குவதும் புத்திசாலித்தனம். பஸ் சார்ஜ் எண்ணூறு ரூபாய் ஆகாது.

இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானை வைத்து, பாடத்தைத் தமிழிலும் அச்சிட்டிருக்கிறது. இன்டர்நெட்டில் அதைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அரிச்சுவடிக்கு அது போதும். தமிழ்ச் சொற்களிலேயே கட்டளை எழுதும்படி ‘எழில்’ என்று ஒரு பாஷையையும் தமிழர் ஒருவர் செய்திருக்கிறார். சிறு பிள்ளைகளுக்கு ருசி காட்ட நல்லது. ஆனால் எடுத்துப் பார்க்கும் பெரிய புத்தகங்கள் இன்றைக்கு இங்கிலீஷில்தான் இருக்கின்றன. இது சந்தோஷப்படத்தக்கதல்ல, ஆயினும் உள்ளது. முதலில் இங்கிலீஷ் படித்துவிட்டு வா, பிறகு இதைத் தொடு என்று சொல்லுகிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அது, நீச்சல் தெரிந்தபின் தண்ணீரில் இறங்கு என்கிற யோசனை. விஷயத்தைத் தமிழில் அறிந்துகொண்டவன் அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் சில நூறு வார்த்தைகளே.

கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்ட பிறகு புத்தகம் எதற்கு என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். அவற்றை நாமும் உபயோகித்துப் பார்த்தோம். வேலைக்காகும். ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலவே தயங்காமல் சொல்லிவிடுகின்றன. சாமியாடியிடம் குறி கேட்டுவிட்டு வருகிறவன் மாதிரி அந்தப் பதிலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. புராணத்தில் சொன்னதைப் பரீட்சை செய்ய வழியில்லை. இங்கே புத்தகம் சொன்னதானாலும், யந்திரம் சொன்னதானாலும், நாம் சொன்னதானாலும், எழுதி ஓட்டிப் பார்த்தால் அரை நிமிஷத்தில் யோக்கியதை தெரிந்துவிடும். மேலே 11 என்று நாம் சொன்னதையும் அப்படியே ஓட்டிப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.

கடைசியாக, வேடசந்தூர் பக்கத்துப் பெண் ஒருவர், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு இரண்டு புத்தகங்கள் கிடைப்பதாயும், இரண்டும் பழசாயிருப்பதால் வேண்டாமா என்றும் கேட்டிருக்கிறார். ஒன்று கெர்னிகன், ரிச்சி இருவரும் ‘சி’ பாஷையைப் பற்றி எழுதிய 1988-ம் வருஷத்து இரண்டாம் பதிப்பு. மற்றொன்று 2005-ல் வந்த பைத்தான் புத்தகம். பழசு என்பதனாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. புதுசு என்பதனால் நல்லதாகியும் விடாது. ‘சி’யின் அடிப்படை அதிகம் மாறவில்லை. ஆகவே முன்னதைத் தாராளமாய் வாங்கலாம். அதில் சில உதாரணங்களில் ‘மெயின்’ என்று மட்டும் ஆரம்பித்திருக்கும்; அதற்கு முன்னால் ‘இன்ட்’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டால் இன்றைக்கும் ஓடும். பின்னதை இனாமாய்க் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அந்தக் கடையில் நல்லதொரு இங்கிலீஷ்-தமிழ் அகராதி இருந்தால் மிஞ்சும் காசுக்கு அதை வாங்கிக்கொள்ளட்டும்.