முற்றத்துக்கு ஒரு விளக்கு

நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரம் குடியிருக்கும் என் பழைய மாணவி வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். கூரையில் சோலார் தகடு மினுங்கியது. வீட்டுக்குள் குப்பி விளக்கு. "பற்றரி செத்து ரெண்டு வருசம், ரீச்சர்" என்றாள்.

அந்தத் தகட்டைக் கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் சோலார் கொடுப்பவர்களின் படங்களில் எப்போதும் ஒரு பிள்ளை விளக்கடியில் புத்தகம் விரித்திருக்கும். படிக்க வெளிச்சம் வேண்டும்தான். 1990 இல் போரால் மின்சாரம் நின்றபின் நான் கணக்குப் படிப்பித்த பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். அடியில் பஞ்சு, அதில் நாலு சொட்டு மண்ணெண்ணெய், மெல்லிய திரி. மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம் அது. காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். அதிலும் சோதனை பாஸ் பண்ணினார்கள்.

ஆனால் வன்னியில் இரவில் உயிர் போவது முற்றத்தில். மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கும். பாதையில் புடையன் பாம்பு சுருண்டு கிடக்கும். காலபோக நெல் முற்றும்போது யானை வேலிக்கு வந்துவிடும். யானை வெடியைப் பற்றவைக்கும் முன் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய வேண்டாமா? சுவரில் ஆணியடித்த பல்ப் அங்கே என்ன செய்யும்? கழற்றிக் கையில் கொண்டுபோகும் விளக்கு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது பற்றரி. தகடு இருபது வருடம் உழைக்கும். ஈயப் பற்றரி மூன்று, நான்கு வருடத்தில் படுத்துவிடும். விளக்குக் கொடுக்கும் நாளிலேயே இரண்டாவது பற்றரிக்கான காசையும் ஒதுக்க வேண்டும். அதுவும் புளியங்குளத்துக் கடையில் வாங்கக்கூடிய பற்றரியாக இருக்க வேண்டும். ஊரில் ஒரு பொடியனுக்கோ பெட்டைக்கோ வயர் மாற்றப் பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

மின்சார சபையின் கணக்கில் நாடு கிட்டத்தட்ட நூறு வீதம் ஒளிர்கிறது. மிச்சமிருக்கும் சொற்ப வீடுகள்தான் கம்பிக்கு எட்டாத இப்படியான வீடுகள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானபோது குப்பி விளக்கையும் அணைத்தவர்கள் இவர்கள்.

நான் கிளம்ப இருட்டிவிட்டது. கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படலை வரை வந்தாள். சார்ஜ் பதினொரு வீதம் இருந்தது. மிச்சத்துக்கு விடிந்ததும் சந்திக் கடைக்கு நடக்க வேண்டும்.