வயலை விற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த மறுநாள் விவசாயி ஒருவர் அமிர்தகழியிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். வலதுகாலை இழுத்தே நடந்தார். கையில் இரண்டேக்கர் வயலின் உறுதி. நாரியில் தட்டு விலகி நரம்பை அழுத்துகின்றதாம். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்றாம்.

"வெட்டினால் நோ தீருமென்று டாக்டர் சொன்னாரா?"

"ஓம் ஐயா."

"தீராமற் போனவர் எத்தனை பேரென்று சொன்னாரா?"

"அதை நான் கேக்கல்ல."

கேளாதது அவர் குற்றமன்று. சொல்லாதது குற்றமா? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2004ஆம் ஆண்டு இதற்கு விடை கூறிற்று. செஸ்டர் எதிர் அஃப்ஷார் என்னும் அவ்வழக்கும் நாரித் தட்டுச் சத்திரசிகிச்சை பற்றியதே. கத்தி பிழைத்ததென்று நீதிமன்றம் காணவில்லை. ஆயினும், நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு நேரக்கூடிய நரம்புச் சேதத்தைச் சத்திரவைத்தியர் முன்கூட்டிச் சொல்லவில்லை, அச்சேதமே நேர்ந்தது. ஐவருள் மூவர் நட்டஈடு உண்டென்றனர். மற்றை இருவரின் தருக்கமும் இளைத்ததன்று. எனினும் என் வாக்கு மூவர் பக்கமே.

ஆனால், சொல்வதற்கு முதலில் எண்ணியிருக்க வேண்டுமே! வீடு சென்றவர் ஓராண்டின் பின் வயலில் இறங்கினாரா, காயம் சீழ்பிடித்ததா, மீண்டும் வெட்ட நேர்ந்ததா என்று பதியாதவர் எதைச் சொல்வார்? பிறநாட்டுப் புத்தகத்து எண்ணையே சொல்வார்.

நம்போன்ற நாடுகளில் இஃது இயலாதென்பர். சென்னையில் இயன்றது. முதுகெலும்பிற் கசநோய் கண்ட 304 பேரைச் சீட்டுப் போட்டாற்போற் பிரித்தனர். சிலருக்கு நோயுற்ற என்பை வெட்டியகற்றி மருந்தும் கொடுத்தனர்; ஏனையோரை நடமாடவிட்டு மருந்து மாத்திரம் கொடுத்தனர். பத்தாண்டுப் பலனை 1999இல் வெளியிட்டனர். கணக்கிற் கொள்ளப்பட்டோருள், வெட்டப்பட்டவரில் நூற்றுக்கு 90 பேரும், ஆறுமாத மருந்து மட்டும் உண்டவரில் 94 பேரும் நலமாயிருந்தனர். கூன் ஏற்கெனவே மிகுந்திருந்த சிறுபிள்ளைகளுக்கே அம்மருந்து மட்டும் போதவில்லை. பெரிய கத்தியே பெரிய வைத்தியம் என்ற நம்பிக்கையைப் பதிவேடு கவிழ்த்தது.

கசம் வேறு, தட்டு விலகல் வேறு என்பதறிவேன். தட்டு விலகலிற் சத்திரசிகிச்சையால் விரைந்து சுகம் கண்டோர் பலர். சலமலக் கட்டுப்பாடு தளர்ந்தாலோ ஒரு நாழிகையும் தாமதித்தலாகாது. யான் கேட்பது கணக்கு மாத்திரமே. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தனியார் வைத்தியசாலைகளைப் பதிவதற்கு வழிசெய்திருக்கின்றது. பதிவைப் புதுப்பிக்கும்போது சத்திரசிகிச்சைப் பலன்களின் பேரேட்டையும் கேட்டால் என்ன? அரசினர் வைத்தியசாலைகளுக்கும் விலக்களிக்கலாகாது.

விவசாயி மூன்று கேள்விகளை என்னிடம் எழுதுவித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கின்றார். உறுதி இன்னும் என் அலுமாரியிலேயே கிடக்கின்றது.