பெரியவரைக் கேட்டீர்களா?

பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூரில் இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குச் சென்றுவிட, வீட்டில் தனித்திருப்பவர் முதியவரே. அவர் வழுக்கி விழுந்தாலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, பக்கத்து வீட்டார் 108க்குச் சொல்லியனுப்புகின்றனர். மகன் வேலைத்தலத்திலிருந்து நேரே மருத்துவமனைக்கு ஓடுகிறார். அந்தப் பதற்றத்தில் எல்லாரையும் விசாரிக்கிறோம். கட்டிலில் கிடக்கும் முதியவரை மட்டும் விசாரிக்க மறந்துவிடுகிறோம்.

அண்மையில் ஓர் இரவு அத்தகைய காட்சியொன்றை நாம் நேரில் கண்டோம். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் விழுந்து தலையில் அடிபட்டுக் கொண்டுவரப்பட்டார். பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் முப்பது ஆண்டுகள் தார் சுற்றியவர். தறியின் ஓசை அவருடைய செவிப்புலனில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. மருத்துவர் கேட்டவற்றுக்கெல்லாம் மகனே விடையளித்தார். “பிரஷருக்கு மட்டுந்தான் மாத்திரை சாப்பிடுறாங்க” என்றார். மூதாட்டி கையை உயர்த்தி ஏதோ சொல்ல முயன்றபோது, “அம்மா, நீங்க பேசாம படுங்க” என்று அன்போடுதான் அடக்கினார். கேள்வி சரியாகக் காதில் விழாமையால் அவர் பொருத்தமின்றி ஏதோ கூறவே, புத்தி தடுமாறிவிட்டது என்று உறவினர் ஒருவர் முடிவுகட்டினார்.

நல்லவேளையாகச் செவிலியர் ஒருவர் குனிந்து, முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக விசாரித்தார். மகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், இதய நோய்க்கென வேறொரு மருத்துவர் கொடுத்த, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாம் இன்றளவும் உட்கொண்டு வருவதாக மூதாட்டி தெளிவாகச் சொன்னார். அம்மாத்திரையை உட்கொள்வோருக்குத் தலையில் அடிபட்டால் மண்டைக்குள் இரத்தம் கசியும் அபாயம் மிகுதி. உடனே ஸ்கேன் எடுக்கப்பட்டது. கசிவு சிறிதாக இருக்கும்போதே கண்டறியப்பட்டு, மூதாட்டி பிழைத்தார். மகனுக்குத் தெரியாத செய்தி தாய்க்குத் தெரிந்திருந்தது.

அந்த மகனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பெற்றோரைத் தொல்லைப்படுத்தாமல் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதே பாசம் என்று நாம் எல்லாரும் எண்ணி வந்திருக்கிறோம். ஆயினும் மகன் கையெழுத்திட்டால் போதும் என்னும் வழக்கத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை. மயக்க மருந்தின் பிடியிலிருந்த 44 வயதுப் பெண்ணொருவருக்கு, தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பை அகற்றப்பட்ட வழக்கில், 2008 ஜனவரி 16 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தெளிந்தபின் தாமே முடிவெடுக்கவல்ல ஒருவருக்காகத் தாய் தரும் சம்மதமும் செல்லாது என்பதே அத்தீர்ப்பு. உயிர்காக்கும் அவசர சிகிச்சைக்கு இத்தடை இல்லை; அது யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதன்று. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடையே உரையாற்றுகையில், நோயாளிமீது மருத்துவருக்குத் தனித்த உரிமை ஏதுமில்லை என்றும், நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ தரும் இசைவினாலேயே அவர் செயல்படலாம் என்றும் விளக்கினார். எரிக்கோ நகர்ச் சாலையோரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவர் கூவியழைத்தபோது, சுற்றியிருந்தோர் அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டினர். ஆண்டவரோ அவரை அருகழைத்து, அவருக்கு வேண்டியது யாதென்று அவர் வாயாலேயே கேட்டறிந்தார். அவர் பார்வையற்றவர் என்பது ஆண்டவருக்குத் தெரியாததா? தெரிந்தும் கேட்டாரன்றோ!

ஆகவே, இல்லத்தோர் சிலவற்றை முன்கூட்டியே செய்து வைப்பது நலம். பெரியவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், எந்த மருத்துவர் கொடுத்தவையாயினும், அவரோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படுகையில் அத்தாளோடு மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட்டு ஆகியவற்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய இடத்தில், இரவெல்லாம் எரியும் விளக்கொளியில் முதியோர் திடீரெனக் குழம்புவதுண்டு. அதை முதுமையின் இயல்பென்று தள்ளிவிடலாகாது. காய்ச்சலோ, உப்புக் குறைவோ, புதிய மருந்தோ காரணமாயிருக்கக்கூடுமாதலால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். தெரிந்த முகமொன்று பக்கத்திலிருந்தால் குழப்பம் தணியும். தெளிவு வந்த வேளையில் மீண்டும் கேட்கலாம்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோரின் பெற்றோர் இங்கே நோயுறும்போது, அவர்தம் மொழியறிந்த உடன்தொழிலாளர் ஒருவர் அருகிருந்து அவர்கள் சொல்வதை எடுத்துச் சொல்வது பெரிய பிறரன்புச் செயலாகும். குருவானவரை அழைப்பதைப் பற்றியும் நோயாளியையே கேளுங்கள். நோயில் பூசுதல் இறக்கும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரிய அருட்சாதனம் அன்று என்பதைச் சொன்னால் அவர் அச்சம் நீங்கும்.

பதிலளிக்கப் பெரியவருக்குச் சற்று நேரம் பிடிக்கலாம். நமக்காகக் கண்விழித்த அவருக்கு அந்தச் சில நிமிடங்களைத் தர நாம் தயங்கலாமா?