நெருஞ்சிலும் அன்ரிபயோரிக்கும்

"பத்து நாளா நெருஞ்சில் அவிச்சுக் குடிச்சனான். சொன்னா நீங்கள் ஏசுவியள் எண்டு பேசாமல் இருந்திட்டன் தம்பி."

நீரிழிவு உள்ள ஒரு அம்மா அண்மையில் என்னிடம் சொன்னது இது. சலக்கடுப்புடன் தொடங்கியது, குளிர் நடுக்கமும் நாரி நோவுமாக முற்றிய பிறகே வந்தார். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை பற்றீரியாவுக்கு நான் வழமையாக எழுதும் குளிசைகள் எதுவும் வேலை செய்யவில்லை. வைத்தியசாலையில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

நெருஞ்சிலை நான் இழிவாகப் பேச வரவில்லை. 1995 இடப்பெயர்வின்போது நான் மருத்துவ மாணவன். மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் அம்மா அவித்துத் தந்ததைக் குடித்தவன்தான் நானும். ஆனால் "இந்த மூலிகைச் சாறு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியையும் கொல்கிறது" என்ற செய்திகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் ஊற்றினால் வினாகிரியும் கிருமியைக் கொல்லும். நாம் குடிப்பது குடலையும் ஈரலையும் தாண்டி, போதிய செறிவில் சிறுநீருக்கு வந்து சேருகிறதா என்பதே கேள்வி.

மனிதரில் சோதித்துப் பார்த்தவையும் உண்டு. 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023 கொக்ரேன் மீளாய்வின்படி, அடிக்கடி தொற்று வரும் பெண்களில் கிறான்பெரி அதை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைக்கிறது. இது தடுப்பு மட்டுமே, வந்த தொற்றுக்கு மருந்தல்ல. வோபரின் எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். ஊவா உர்சி இலையை வைத்து ஜேர்மனியில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் அன்ரிபயோரிக் பாவனை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பெண்கள் பட்ட வேதனை கூடியது.

ஆகவே என் கருத்து இதுதான்: மூலிகைகளை ஒதுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். முறையாகச் சோதிக்க வேண்டும். மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். அதைச் சோதித்து நிறுவிய தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த அம்மாவின் அலுமாரியில் ஊரிலிருந்து வந்த, பாதி பாவித்த அன்ரிபயோரிக் பெட்டிகள் மூன்று இருந்தன. கிருமிகள் எதிர்ப்புப் பழகுவது இப்படித்தான். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உலகெங்கும் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

காய்ச்சல், நடுக்கம், நாரி நோவு, சலத்தில் இரத்தம் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகள், நீரிழிவுக்காரர், ஆண்கள், சிறு பிள்ளைகள் சாதாரண எரிவுக்கே வைத்தியரிடம் போக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கேளுங்கள். என்ன அவித்துக் குடித்தாலும் அதையும் சொல்லுங்கள்.

எங்கள் சக வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட்கும்போது ஏசாதீர்கள். அந்த அம்மா பத்து நாள் பேசாமல் இருந்ததற்கு நாங்களும் பொறுப்பு.