இலவச இணையச் சேவையும் பயனரின் கடமையும்

தமிழில் கட்டணமோ விளம்பரமோ இன்றிக் கிடைக்கும் இணையச் சேவைகளில் முதன்மையான பல, அரசுத் திட்டமாகவோ நிறுவனத்தின் வணிகமாகவோ தொடங்காமல், வேறு வேலை பார்த்து வாழும் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் உருவானவை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் 1998 பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காப்பதற்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகள். மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும் நாள்தோறும் இவற்றைப் பயன்படுத்தினாலும், இவற்றின் செலவை ஏற்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இத்தகைய சேவைகள் தம் பயனரிடம் தயக்கமின்றி நன்கொடை கேட்க வேண்டும் என்பதும், பயன்பெறுவோரில் இயன்றவர் சிறு தொகையையேனும் மாதந்தோறும் தர வேண்டும் என்பதும் இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

தாம்பரம் வட்டார மக்களுக்கு இது எங்கோ நடக்கும் செய்தி அன்று. ஐந்து நகராட்சிகளையும், திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள்ளேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கட்டற்ற மென்பொருளை, அதாவது எவரும் பயன்படுத்தவும் பகிரவும் திருத்தவும் உரிமை தரும் மென்பொருளை, எளிய தமிழில் விளக்குவதற்காக 2012 ஜனவரியில் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், பின்னாளில் அறக்கட்டளையாக வளர்ந்தது. நன்கொடைக்கென அது அறிவித்திருக்கும் வங்கிக் கணக்கு மேற்குத் தாம்பரம் கிளையில் இருக்கிறது. இந்தத் தன்னார்வலர் வட்டத்திலிருந்தே 2013இல் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் என்னும் மின்னூல் திட்டமும் தோன்றியது. நூலாசிரியர் ஒருவர் தம் நூலை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பகிரலாம் என்பது போன்ற நிபந்தனைகளோடு முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமத்தில், வெளியிட இசைந்தால், ஒருவர் அட்டைப்படம் வரைகிறார். மற்றொருவர் நூலைக் கைப்பேசிக்கேற்ற இபப் வடிவிலும், சிறு திரையில் படிப்பதற்கான ஆறு அங்குல பிடிஎஃப் வடிவிலும், அச்சிடுவதற்கான ஏ4 வடிவிலும் ஆக்கித் தருகிறார். பிறகு அது எவரும் பதிவிறக்கும் வகையில் வலையேற்றப்படுகிறது. திருநீர்மலையிலிருந்து பல்லாவரம் செல்லும் பேருந்தில் நின்றபடி ஒரு மாணவி கைப்பேசியில் படிக்கும் சிறுகதைத் தொகுப்புக்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

உழைப்பு இலவசமாகக் கிடைப்பதால் சேவைக்கே செலவில்லை என்று கருதுவது பிழை. கோப்புகளைச் சேமித்து, கேட்பவருக்கெல்லாம் அனுப்பும் கணினியாகிய வழங்கிக்கு மாத வாடகை உண்டு. தளத்தின் முகவரிப் பெயரை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு வட்டு பழுதானால் அனைத்தும் அழிந்துவிடாதபடி வேறிடத்தில் காப்புப்படி வைக்க வேண்டும். பழைய நூல்களை மின்வருட, அதாவது பக்கம் பக்கமாகப் படமெடுக்க, கருவியும் அதை இயக்கத் தேர்ந்த கையும் வேண்டும். தொட்டால் உதிரும் பழுப்புத்தாளில் அச்சான இதழொன்றை மின்வருடுகையில், தைத்த பகுதி கிழியாமல் ஒவ்வொரு தாளாக விரித்து, படம் தெளிவாக வந்ததா என்று பார்த்த பிறகே அடுத்த தாளைத் திருப்ப முடியும். இதை முழுநாள் வேலையாகச் செய்பவருக்கு ஊதியம் தராமல் இருப்பது அறமாகாது.

இவை பெரும்பாலும் ஒருமுறை செலவிட்டு முடிப்பவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தளத்தைத் தொடங்கும்போது உதவ முன்வரும் கைகள் பல. ஐந்தாம் ஆண்டின் வழங்கிக் கட்டணத்தைக் கட்ட முன்வருபவர் சிலர். அந்தத் தொகையை நிர்வாகிகள் தம் சம்பளத்திலிருந்து சத்தமின்றிக் கட்டிவருவது பல தன்னார்வ முயற்சிகளின் வழக்கம். அவர்களில் ஒருவருக்கு நோயோ வேலையிழப்போ நேரும்போது, பல்லாண்டு உழைப்பும் அவரோடு சேர்ந்து முடங்குகிறது.

உலக அளவிலும் இந்த அலட்சியத்தின் விளைவு தெரிந்ததே. இணைய வழங்கிகளில் பெரும்பகுதி, கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் மறைகுறியாக்கி அனுப்ப ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருளை நம்பியிருந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் பெரும் ஓட்டை அதில் இருப்பது வெளிப்பட்டபோதுதான், உலகின் பெருநிறுவனங்களெல்லாம் பயன்படுத்திய அம்மென்பொருளுக்கு ஆண்டு முழுவதும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே என்பதும், ஓரிருவரே அதைக் காத்துவந்தனர் என்பதும் உலகுக்குத் தெரிந்தன. நிறுவனங்கள் பணம் திரட்டி உதவ முன்வந்தது அதன் பிறகுதான். கேட்கத் தயங்கியவர்களும் கொடுக்க மறந்தவர்களும் சேர்ந்தே அந்த இடரை வளர்த்தனர்.

நன்கொடைக்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று: விளம்பரம், நிறுவன ஆதரவு, அரசு நிதி. விளம்பரத்தை ஏற்கும் தளம், படிப்பவர் எதைத் தேடுகிறார், எங்கே நிற்கிறார் என்பதைப் பின்தொடர்ந்து விற்கும் வணிகத்துக்கு வாயிலைத் திறந்துவிடுகிறது. நிறுவனத்தின் தயவில் நடக்கும் இலவசம், அந்நிறுவனத்தின் கணக்குக்கு ஒத்துவரும் வரையில்தான் நீடிக்கும்; எண்ணற்றோர் தம் வலைப்பக்கங்களை இலவசமாக வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது இதற்குச் சான்று. பேஸ்புக் நிறுவனம் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காட்ட முன்வந்த ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம், உள்ளடக்கத்துக்கேற்ப வெவ்வேறு கட்டணம் வாங்குவதை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் தடைசெய்ததால் இந்தியாவில் நின்றுபோனது. இலவசம் என்ற பெயரில் வாசலில் நிற்பவர் யார் என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை அந்த ஆணை நிலைநாட்டியது. அரசு நிதியோ, தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகள் வழியே அரிய பணிகளை நிறைவேற்றியிருக்கிறது. அது இன்னும் பெருக வேண்டும். ஆயினும் நிதிநிலை அறிக்கையும் ஆட்சியும் மாறும்போது முன்னுரிமையும் மாறும் என்பதால், சமூகம் தானே நடத்தும் சேவைக்குச் சமூகமே அடித்தளமாக இருப்பதே பாதுகாப்பு.

கேட்பது இழிவு என்னும் எண்ணமே தமிழ்ச் சூழலில் இதற்குப் பெருந்தடையாக இருக்கிறது. ஆனால் கேட்பதையும் கொடுப்பதையும் பொதுக்காரியத்தின் இயல்பான பகுதியாக ஏற்ற சமூகம் இது. ஆடி மாதம் பிறந்தால் சென்னைப் புறநகர்த் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் வார்க்க ரசீதுப் புத்தகத்தோடு இளைஞர்கள் வீடு வீடாக வருவதை எவரும் பிச்சை என்று சொல்வதில்லை. இயன்றதைக் கொடுத்து, ரசீது வாங்கி, விழா நோட்டீசில் பெயர் வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, நூல் வருமுன்பே வாங்க உறுதிகூறிக் கையொப்பமிட்டவர்களின் துணையை நாடியே அச்சுச் செலவைத் தாங்கினார். ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் ஏறியது கேட்டுப் பெற்ற பணத்தால் என்றால், அச்சிலிருந்து இணையத்துக்கு ஏறுவதற்குக் கேட்பதில் வெட்கம் ஏன்?

அன்றாடச் செலவுக்கு நிலையான வழி வகுக்கும் அறிவும் இம்மண்ணுக்குப் புதியதன்று. அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்குக்காகக் கோயிலுக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பேணப்படும் என்பதால் அவை சாவா மூவாப் பேராடுகள் என்றே குறிக்கப்பட்டன. விளக்கைச் செய்து கொடுத்ததோடு நில்லாமல், அதற்கு நாளை ஊற்றும் நெய்க்கும் வழிசெய்வதே கொடை என்று அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2016இல் நிலைநிதி ஒன்றைத் தொடங்கி, 2021க்குள் 10 கோடி டாலரைத் திரட்டியது இதே கருத்தின் இன்றைய வடிவம்.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் மதிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, பணம் கேட்கத் தொடங்கினால் ஏழை மாணவர் ஒதுக்கப்படுவார் என்பது. நன்கொடை கட்டணமாக மாறினால்தான் இது நேரும்; கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும் ஒரே பக்கம் ஒரே வேகத்தில் திறக்கும் வரை எவரும் ஒதுக்கப்படுவதில்லை. இரண்டாவது, கேட்பவர் அச்சத்தை ஊட்டிப் பணம் பறிப்பார் என்பது. இதற்கு அடிப்படை உண்டு. சுமார் 80 லட்சம் பேரின் சிறு நன்கொடைகளால் நடக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வேண்டுகோள் பட்டைகள், விக்கிப்பீடியா நிதி நெருக்கடியில் தவிப்பது போன்ற எண்ணத்தை ஏற்படுத்துவதாக 2022இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வத் தொகுப்பாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர்; அறக்கட்டளையும் வாசகங்களை மாற்றியது. கேட்பது தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்க வேண்டும் என்றே வலியுறுத்தினர். தமிழ்ச் சேவைகளும் அந்த நெறியைத் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டும். செயல்களையும் வரவு செலவையும் மாத அறிக்கையாகப் பொதுவில் வைப்பதைக் கணியம் அறக்கட்டளை கொள்கையாகவே அறிவித்திருப்பது பின்பற்றத்தக்க முன்மாதிரி.

வெளிநாட்டுத் தமிழர் பார்த்துக்கொள்வார்கள் என்னும் நம்பிக்கையும் இங்குப் பயன்படாது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தமிழரே ஆனாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகவே கொள்ளப்படும். அதைப் பெறத் தனிப் பதிவு வேண்டும். வழக்கமான பதிவுக்கு மூன்றாண்டுச் செயற்பாடும், அக்காலத்தில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பணம் வந்துசேரும் கணக்கு, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாயில் நடக்கும் சிறு அமைப்புக்கு இவை எட்டாத நிபந்தனைகள். ஆகவே இங்கு நடக்கும் சேவையின் பொறுப்பு இங்கு வாழ்பவருடையதே. முன்பு 50 ரூபாய் அனுப்புவதற்கும் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. 2016இல் அறிமுகமான யுபிஐ, அதாவது கைப்பேசி வழியே ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு உடனே பணம் அனுப்பும் முறை, அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. மாதந்தோறும் தானாகப் பணம் செல்லும் ஏற்பாடும் 2020 முதல் அதில் இருக்கிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்குத் தேவையான 60 லட்சம் டாலரை, தமிழ்நாடு அரசு வழங்கிய 10 கோடி ரூபாயையும் சேர்த்து, 2018இல் திரட்டி முடித்த சமூகம் இது. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கிய மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனமும், தம் மாளிகையை விற்றுப் பணம் தந்த சி. ராஜத்தின் கொடையால் எழுந்ததுதான். பெருங்கொடைக்கு இங்குக் குறைவில்லை. தேவைப்படுவது சிறுகொடையின் தொடர்ச்சி.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. சேவை நடத்துவோர் தம் முகப்புப் பக்கத்தில் ஆண்டுச் செலவு இவ்வளவு, இதுவரை வந்தது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும். மிரட்டலோ கெஞ்சலோ அதில் கூடாது. தேவை நிறைவேறியதும் வேண்டுகோளை எடுத்துவிட வேண்டும். தாம்பரம், குரோம்பேட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் தம் மாணவர் நாள்தோறும் நாடும் தளங்களுக்கு ஆண்டுக்கொரு தொகையை ஒதுக்க வேண்டும். பணம் தர இயலாத மாணவர் மெய்ப்புத் திருத்தியும் மின்வருடியும் தம் பங்கைச் செலுத்தலாம். வேலையில் இருக்கும் வாசகர், தாம் அதிகம் பயன்படுத்தும் ஒரு தமிழ்த் தளத்தைத் தேர்ந்து, அதன் கணக்கறிக்கையைப் படித்து, மாதம் 50 ரூபாய்க்கேனும் தம் கைப்பேசியில் ஏற்பாடு செய்ய வேண்டும். அறக்கட்டளைகள் கேட்கட்டும்; கணக்கைக் காட்டட்டும்; பயன்பெற்றவர்கள் இந்த மாதமே கொடுக்கத் தொடங்கட்டும்.