ஒன்பது பேர் மட்டுமா அணி?

நம் ஸாஃப்ட்பால் அணியில் ஆடுவோர் ஒன்பது பேர். ஓரத்துப் பெஞ்சில் அமர்வோர் ஐந்தாறு பேர். ஆட்டம் முடியும்வரை பின்னவர்களின் சீருடையில் மண்ணே படுவதில்லை. ஆடுகிற ஒருத்தியை வெளியே அழைத்தால் அவள் கண் கலங்குகிறாள். பார்க்க வந்த பெற்றோரோ, "நன்றாக ஆடியவளை ஏன் எடுத்தீர்கள்?" என்று விளையாட்டு ஆசிரியையை வாசலிலேயே மறிக்கிறார்கள். பிறகு யார்தான் மாற்றம் செய்யத் துணிவார்?

விதியை அறியாததால் வரும் வருத்தம் இது என்பது எங்கள் எண்ணம். கால்பந்துப் போட்டிகளில் வெளியேறியவர் பொதுவாக மீண்டும் இறங்க இயலாது. ஸாஃப்ட்பால் அப்படியன்று. தொடக்கத்தில் ஆடியவள் வெளியே வந்தபின் ஒருமுறை திரும்பலாம். ஆனால் மட்டை வரிசையில் தன் பழைய இடத்திற்கே வரவேண்டும். நான்காவதாக அடித்தவள் நான்காவதாகவே அடிப்பாள். அவளுக்குப் பதில் ஆடியவள் அப்போது விலகுவாள். சர்வதேச விதிப்படி அவள் மறுபடி வர இயலாது. ஆகவே உண்மையில் விட்டுக்கொடுப்பவள் பதிலாக வந்தவள்தான்! அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. மாற்றத்தை நடுவரிடம் சொல்லிவிட்டே செய்யவேண்டும் என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனி 'கர்ட்டஸி ரன்னர்'. காட்சர் காலுக்கும் மார்புக்கும் கவசம் அணிகிறவள். அவள் தளத்தில் நிற்கும்போது மூன்றாவது அவுட் விழுந்தால், ஓடி வந்து அவற்றை மாட்டும்வரை எல்லாரும் வெயிலில் காத்திருக்க வேண்டும். ஆகவே அவளுக்காக வேறொருத்தி ஓடலாம். காட்சர் ஆட்டத்தை இழப்பதில்லை. சர்வதேச விதியில், இருவர் அவுட்டான பின், ஆடும் அணியிலேயே தளத்தில் இல்லாதவர்களுள் மட்டை பிடிக்கும் முறை கடைசியாக வருபவள் ஓடுகிறாள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியோ வேறு. அங்கே இவ்வசதி பந்து வீசுகிறவளுக்கும் உண்டு. ஓடுகிறவள் அந்த ஆட்டத்தில் அதுவரை ஆடாதவளாக இருக்கவேண்டும். ஒரே பெண் இருவருக்கும் ஓடக்கூடாது. ஆக, பெஞ்சிலிருந்து இருவர் களம் காண்கிறார்கள்.

நம் ஹவுஸ் போட்டிகளில் இந்த முறையையே கைக்கொள்ளலாம் என்கிறோம். வெளிப் போட்டிகளில் இது செல்லாதே என்பர் சிலர். அங்கே அங்குள்ள விதிப்படி ஆடுவோம். ஹவுஸ் போட்டி பழகுவதற்குத்தானே? பெஞ்சில் இருப்பவளும் எங்களோடு விடியற்காலையில் எழுந்து, ஸ்லைடிங் பழகி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள்தான்.

அடுத்த போட்டிக்கு முன் இவ்விதிகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி வேண்டுகிறோம். பெற்றோர் கண்ணிலும் படும்படி வாயிலருகே இன்னொன்று ஒட்டினால் மிகவும் நல்லது.