பொந்தைக் காத்தவர்களுக்கு ஒரு பரிசு

நம் சங்க அன்பர்களில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் பல உண்டு. சிறந்த கோட்டம், சிறந்த நிலையம் என்று ஆண்டுதோறும் கேடயங்கள் வழங்கப்படுவதை அவர்கள் அறிவார்கள். கேடயம் கோட்ட அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் போய் அமர்ந்துவிடும். விடியற்காலையில் சுத்தியலைத் தோளில் சார்த்திக்கொண்டு, தண்டவாளத்தின் கீ ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டே மைல் கணக்கில் நடக்கின்றானே கீமேன், அவனுக்குச் சில சமயம் அச்செய்திகூட எட்டுவதில்லை. ஆகவே, பரிசுச் செய்தி எதைப் படித்தாலும், அதற்கு உழைத்தவர் யார், பெற்றவர் யார் என்று ஒத்துப் பார்ப்பது குமாஸ்தாவாகிய என் வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு பார்த்தவற்றுள் மனத்துக்கு நிறைவளித்த ஒன்று, 2016-ஆம் ஆண்டின் இந்தியப் பல்லுயிர்ப் பரிசு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து வழங்கும் பரிசு இது. அருகிவரும் உயிரினங்களைக் காத்தல் என்னும் பிரிவில், அருணாசலப் பிரதேசத்துப் பக்கே புலிகள் காப்பகம் இதனைப் பெற்றது. 1977-இல் சரணாலயமாகவும், 2002-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது. பரப்பு 862 சதுர கிலோமீட்டர். ஆயினும் பரிசு கிடைத்தது புலிக்காக அன்று. ஒரு பறவையின் பொந்துக்காக.

அப்பறவை இருவாச்சி. ஆனைமலைப் பக்கத்தார்க்கு அது புதிதன்று. வளைந்த பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் கவிழ்த்து வைத்த தொப்பி போன்ற ஒரு புடைப்பு. பறக்கும்போது சிறகோசை பழைய நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போலக் கேட்கும். கேரளத்துக்கும் அருணாசலத்துக்கும் இதுவே மாநிலப் பறவை. நாட்டின் இரு கோடிகளுக்கும் பறவை ஒன்றே என்பது, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோர்க்கு இனிக்கும் செய்திதான்.

இதன் இல்வாழ்க்கை விசித்திரமானது. உயர்ந்த முதிய மரத்தின் பொந்துக்குள் பெட்டை புகுந்துகொண்டு, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் கொண்டு வாயிலை அடைத்துவிடும். அலகு நுழையுமளவுக்கு ஒரு கீறல் மாத்திரம் மிஞ்சும். உள்ளேயே முட்டையிட்டு, சிறகிறகுகளையும் உதிர்த்துவிட்டு, வாரக்கணக்கில் சிறையிருக்கும். ஆண் பறவை காடெல்லாம் சுற்றி அத்திப்பழம் முதலியவற்றைத் தொண்டைக்குள் நிரப்பிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாய்க் கக்கி அக்கீறல் வழியே ஊட்டும். அந்த ஆணை ஒருவன் சுட்டு வீழ்த்தினால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியால் மடிய நேரிடும். அயலூரில் உத்தியோகம் பார்த்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கேயைச் சூழ்ந்து வாழ்பவர்கள் நிஷி மக்கள். ஆடவர் அணியும் பிரம்புத் தொப்பியில் இருவாச்சியின் அலகைப் பொருத்துவது அவர்களுடைய தொன்றுதொட்ட மரபு. மரபை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆகவே வன இலாகாவும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் கண்ணாடி இழையில் அலகு செய்து கொடுத்தன. தொப்பியின் அழகு குறையவில்லை, பலரும் ஏற்றுக்கொண்டனர். அறிவுரையைக் காட்டிலும் ஒரு மாற்றுப் பொருள் அதிக வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் தொப்பியோடு காரியம் முடியவில்லை. புலிகள் காப்பகத்தினுள் காவல் உண்டு. அதை அடுத்துள்ள பாப்பும் காப்புக்காடும் சர்க்கார் காடுதான் என்றாலும் மக்கள் வாழும் இடம். அங்குள்ள பொந்துகளுக்குக் காவல் இல்லை. 2006-இல் கிராமப் பெரியவர்கள் கோரா ஆபே என்னும் சங்கத்தை அமைத்து, வேட்டையாடுவோர்க்கு அபராதம் விதித்து வந்தனர். அச்சங்கமும், மைசூரில் உள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும், அருணாசல வன இலாகாவும் கைகோத்து, 2011-12-இல் ‘இருவாச்சிக் கூடு தத்தெடுப்புத் திட்டம்’ ஒன்றைத் தொடங்கின.

திட்டம் மிக எளிது. நகரத்தில் உள்ள ஒருவர் ஒரு கூட்டைத் தத்தெடுத்து ஆண்டுக்கு ஒரு தொகை அளிக்கிறார். அத்தொகையிலிருந்து அக்கிராமத்து இளைஞர் ஒருவருக்குக் கூடு காப்பாளர் என்று சம்பளம் தரப்படுகிறது. ஒரு பங்கு ஊர் நலனுக்குச் செல்கிறது. காப்பாளர் காட்டுக்குள் நடந்து சென்று, பொந்து அடைபட்டதா, ஆண் பறவை வருகிறதா, குஞ்சு வெளிப்பட்டதா என்று பார்த்துக் குறித்து வைக்கிறார். தத்தெடுத்தவருக்கு அவர் கூட்டின் நலம் தெரிவிக்கப்படுகிறது. காப்பாளர்களிற் பலர் முன்னாளில் வேட்டைக்காரர்கள். எந்த மரத்தில் பொந்து இருக்கும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

இனி என் கணக்குக்கு வருவோம். பரிசு வந்தது காப்பகத்தின் பெயரில். காப்பாளர் காத்த பொந்துகளோ காப்பகத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை. ஏட்டில் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. ஆயினும் பரிசு எதற்காக என்ற இடத்தில் எந்த அதிகாரியின் பெயரும் இல்லை. மூவர் சேர்ந்து நடத்தும் திட்டத்தின் பெயர் இருக்கிறது. கீமேனின் நடை கேடயத்தில் பொறிக்கப்பட்டது போன்றது இது. இதற்கு முன்பே, 2013-இல், இத்திட்டத்துக்கு வழிகாட்டிய விஞ்ஞானி அபராஜிதா தத்தாவுக்கு இங்கிலாந்தின் விட்லி விருது வழங்கப்பட்டது. அது தனியொருவர் பெயரில் வருவதாயினும் அதன் தொகை பாதுகாப்புப் பணிக்கே உரியது. அம்முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

பரிசு வந்ததனால் கோடரி நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 முதல் 2019 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், அதே பாப்பும் காப்புக்காட்டில் மரங்கள் பெருமளவில் அழிந்திருப்பதைக் கண்டனர். துப்பாக்கியைக் கிராமத்துச் சங்கம் தடுக்கும். மர வியாபாரத்தின் பின்னே நிற்கும் பணத்தை அது தனித்துத் தடுக்க இயலுமா? அங்கே வன இலாகாவின் கைதான் வலுக்க வேண்டும். மூன்று கைகளில் ஒன்று தளர்ந்தாலும், பொந்துள்ள மரமே இல்லாத காட்டுக்குக் காப்பாளர் சம்பளம் வாங்கும் நிலை வந்துவிடும்.

நம் ஊருக்கு அருகிலும் இத்தகைய பணி உண்டு. கேரளத்து வாழச்சால் காட்டில் காடர் இனத்தவர் வன இலாகாவோடு சேர்ந்து இருவாச்சிப் பொந்துகளைக் கண்காணித்து வருகிறார்கள்.

கௌஹாத்தி, தேஜ்பூர்ப் பகுதிகளில் உள்ள நம் குடும்பங்கள் விடுமுறையில் பக்கே சென்று வரலாம். 2015 ஜனவரியில் தொடங்கிய ‘பக்கே பாகா’ விழா நிஷி மக்களின் இருவாச்சி விழா. பாகா என்றால் அவர்கள் மொழியில் பெரிய இருவாச்சி. குளிர்காலத்தில் பொந்துகள் காலியாக இருக்கும். அடைகாக்கும் பருவம் மார்ச்சுக்குப் பிறகே. விழாவுக்குப் போகிறவர்கள் அப்பறவைகளை மாலை வேளையில் ஆற்றங்கரை மரங்களில் தேடுவது நலம்.